கல்லும் காலமும் – 9: இறகு விழுந்த கல்

சென்ற பகுதியில் ஐஃபெல் மலைப்பக்கத்துத் திரிகைக் கற்களோடு நின்றோம். எரிமலைக் குழம்பு இறுகிய கரிய கல் அது. அங்கிருந்து தென்கிழக்காக இறங்கி, இந்த முறை பவேரியாவுக்குள் வருகிறோம். இங்கே கல்லின் நிறம் வெளிர்மஞ்சள். பழைய தந்தத்தின் நிறம் என்றும் சொல்லலாம். நெருப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அசையாத கடல்நீருக்கு அடியில் மெல்லிய சேறு படிந்து படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல் இது.

என் மேசையில் அதில் ஒரு சில்லு கிடக்கிறது. அங்கே போய்வந்த நண்பர் கொண்டுவந்து கொடுத்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். கனம் அரை விரல்கூட இல்லை. அதன் முகத்தில் பெரணி இலையை ஒற்றி எடுத்தது போல் கரிய கிளைகள் ஓடுகின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “இது எந்தக் காலத்துச் செடி?” செடியே அல்ல. கல்லின் வெடிப்புக்குள் கசிந்த நீரிலிருந்த மாங்கனீசும் இரும்பும் கிளைகிளையாகப் படிந்த கறை அது. உயிரே இல்லாத ஒன்று உயிரின் வடிவத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. அதே குவாரியில், அதே கல்லின் இன்னொரு பலகையில், உண்மையான உயிர் ஒன்றின் இறகு தன் ஒவ்வொரு இழையோடும் கிடைத்தது. இந்தப் பகுதி அந்த இறகைப் பற்றியது. அதைக் கண்டெடுத்த கைகளைப் பற்றியும்தான்.

இடத்தை முதலில் பார்த்துவிடுவோம். பவேரியாவின் வைசென்பூர்க்-குன்சென்ஹவுசென் மாவட்டம். பெயர் நீளமானது, ஊர்கள் சிறியவை. வயல், காடு, தேவாலயக் கோபுரம், ஆல்ட்மியூல் என்றொரு சோம்பலான ஆறு. அந்த ஆறு கிழக்கே போய் கெல்ஹைமில் டானூபோடு சேர்கிறது. ஆனால் அது ஓடும் பள்ளத்தாக்கின் அகலத்தையும் ஆற்றையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு உதைக்கும். இவ்வளவு சிறிய ஆறு இவ்வளவு பெரிய பள்ளத்தாக்கை எப்படி அறுத்தது? அறுத்தது ஆல்ட்மியூல் அல்ல. டோல்ன்ஷ்டைன் என்ற ஊரிலிருந்து கெல்ஹைம் வரை ஒருகாலத்தில் டானூபே இந்த வழியாக ஓடியது. பிறகு அது தெற்கே வேறு பாதையைப் பிடித்துக்கொண்டது. அண்ணன் கழற்றிப் போட்ட சட்டைக்குள் தம்பி நுழைந்ததுபோல், அந்தப் பள்ளத்தாக்கில் இன்று ஆல்ட்மியூல் ஓடுகிறது.

இந்த ஆற்றங்கரையில்தான் சோல்ன்ஹோஃபென் இருக்கிறது. 2,000 பேர்கூட இல்லாத கிராமம். 794-ல் மறைந்த சோலா என்ற ஆங்கிலோ-சாக்சன் துறவியின் பெயரிலிருந்து ஊர்ப்பெயர் வந்தது. அவர் நினைவாக எழுந்த தேவாலயத்தின் இடிபாடுகள் இன்னும் ஊர் நடுவே நிற்கின்றன. பக்கத்தில் பாப்பென்ஹைம், லாங்கென்ஆல்ட்ஹைம். எல்லை தாண்டினால் அடுத்த மாவட்டமான ஐக்ஷ்டெட். மாவட்ட எல்லை மனிதர் போட்டது. கல் அதைக் கண்டுகொள்ளாமல் இரண்டு பக்கமும் பரவிக் கிடக்கிறது. அதனால் இந்தக் கதையும் இரண்டு மாவட்டங்களுக்குள்ளும் போய்வரும்.

சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த நிலம் வெப்பமான கடலாக இருந்தது. ஆங்காங்கே தீவுகள். கடலடியில் பஞ்சுயிரிகளும் நுண்ணுயிர்களும் கட்டிய திட்டுகள், அவற்றுக்கு நடுவே கிண்ணம் கிண்ணமாகக் காயல்கள். வெயிலில் நீர் ஆவியாக ஆவியாக உப்பு அடர்ந்தது. அடர்ந்த நீர் கனத்து அடியில் தங்கியது. அந்த அடிநீரில் உயிர்க்காற்று இல்லை. அங்கே நண்டு ஊர்ந்து சேற்றைக் கிளறவில்லை, புழு துளைக்கவில்லை, செத்ததைத் தின்ன எதுவும் வரவில்லை. புயல் அடிக்கும்போது திறந்த கடலிலிருந்து நுண்ணிய சுண்ணாம்புச் சேறு உள்ளே வந்து, ஒரு போர்வை போல மெல்லப் படிந்தது. அதோடு மீனும் இறாலும் தட்டானும் விழுந்தன. விழுந்தது விழுந்தபடியே மூடப்பட்டது. அப்படிக் கிடைத்த உயிரினங்கள் 600 வகைகளுக்கும் மேல். தட்டானின் சிறகு நரம்பும், ஜெல்லிமீனின் உடலும்கூடக் கல்லில் பதிந்து கிடைத்திருக்கின்றன. எலும்பே இல்லாத ஜெல்லிமீன் 15 கோடி ஆண்டுகள் தாங்கியது என்பதை நான் எத்தனை முறை எழுதினாலும் மனம் சற்று நின்றுதான் நகர்கிறது.

படிவது ஒரே சீராக நடக்கவில்லை. சுத்தமான சுண்ணாம்பு படிந்த காலமும் உண்டு. களிமண் கலந்து படிந்த காலமும் உண்டு. குவாரிக்காரர்கள் முதலாவதை ‘ஃபிளின்ஸ்’ என்கிறார்கள். கெட்டியான, பலகையாகப் பிளக்கும் நல்ல கல். இரண்டாவதை ‘ஃபாய்லே’ என்கிறார்கள். ‘அழுகல்’ என்று பொருள். மழையும் வெயிலும் பட்டால் இதழ் இதழாக உதிர்ந்துவிடும் மென்கல். ஃபிளின்ஸ், ஃபாய்லே, மறுபடி ஃபிளின்ஸ் என்று புத்தகத்தின் தாள்கள்போல மாறிமாறி அடுக்கியிருக்கிறது. அந்த அழுகல்தான் நல்ல கல்லைக் கல்லிலிருந்து பிரித்துத் தருகிறது. அது இல்லாவிட்டால் எல்லாம் ஒரே பாறையாக ஒட்டியிருக்கும். உளி எங்கே நுழையும்?

பலகையாகப் பிளக்கும் கல் கையில் கிடைத்தால் மனிதன் முதலில் தரையில் போடுவான், பிறகு தலைக்குமேல் போடுவான். நம் அடுக்களை மேடைக்குக் கடப்பாக்கல் வந்ததுபோல், அந்த ஊர்க்காரர்களுக்கு இது. ரோமானியர் காலத்திலேயே இதை வெட்டினார்கள். ஆல்ட்மியூல் பக்கத்து வீடுகளின் கூரை இன்னும் தனி அழகு: தாழ்ந்த சரிவு, ஓடு இல்லை, மெல்லிய கற்பலகைகளை ஆணி அடிக்காமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்கு பரப்பியிருப்பார்கள். கல்லின் கனமே அதை அங்கே பிடித்து வைத்திருக்கிறது. சரிவு அதிகமானால் வழுக்கிவிடும் என்பதால்தான் கூரை அவ்வளவு தட்டையாக இருக்கிறது. அந்தக் கனத்தைத் தாங்கச் சுவரும் உத்தரமும் தடிமனாயின. வீட்டின் உருவத்தையே கல் தீர்மானித்துவிட்டது.

இதோடு போயிருந்தால் இது ஒரு நல்ல தளக்கல் ஊர் என்ற அளவில் நின்றிருக்கும். அதை உலக வரைபடத்தில் ஏற்றியவர் கல்லைப் பற்றி ஒன்றுமே அறியாத ஒரு நாடகக்காரர்.

அலோய்ஸ் செனஃபெல்டர் 1771-ல் பிராகாவில் பிறந்தவர். தந்தை மியூனிக்கில் நடிகர். தந்தை இறந்ததும் சட்டப் படிப்பை விட்டுவிட்டு மகனும் மேடைக்கும் நாடகம் எழுதுவதற்கும் போனார். எழுதிய நாடகத்தை அச்சிடப் பணம் போதவில்லை. அச்சகத்துக்குக் கொடுக்கக் காசில்லாத எழுத்தாளர் தானே அச்சடிக்க வழி தேடினார். செப்புத்தகட்டில் தலைகீழாக எழுதிப் பழகினார். செப்பு விலை அதிகம். ஒருமுறை எழுதித் தேய்த்தால் தகடு மெலிந்துவிடும். பழகுவதற்கு மலிவாகக் கிடைத்தது கெல்ஹைம் கற்பலகை, இதே சுண்ணாம்புக்கல் குடும்பம்.

1796. சலவைக்காரம்மா வாசலில் காத்திருக்கிறார். துணிக் கணக்கை எழுதிக்கொள்ளச் சொல்கிறார் அம்மா. கைக்கு ஒரு துண்டுத் தாள்கூட அகப்படவில்லை. மெழுகும் சோப்பும் புகைக்கரியும் சேர்த்துத் தான் செய்து வைத்திருந்த மையால், தேய்த்து வழவழப்பாக்கிய கல்லின்மேல் கணக்கை எழுதிவிடுகிறார். பிறகு அழிக்கப் போகும்போது, இதன்மேல் அமிலம் ஊற்றினால் என்ன என்று தோன்றுகிறது. இந்தக் கதையைச் சொன்னவர் செனஃபெல்டரேதான். 1818-ல் அவர் வெளியிட்ட கல்லச்சுப் பாடநூலில் இதை எழுதியிருக்கிறார்.

அமிலம் ஊற்றி எழுத்தை மேடாக்கியது முதல் படி மட்டுமே. உண்மையான கண்டுபிடிப்பு 1798 வாக்கில் வந்தது: எழுத்து மேடாகவே இருக்க வேண்டியதில்லை. இந்தக் கல் எண்ணெயையும் குடிக்கும், தண்ணீரையும் குடிக்கும். பிசுக்கு மையால் ஒரு கோடு போட்டுவிட்டு, பிசினும் சிறிது நைட்ரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவினால், கோடு இல்லாத இடமெல்லாம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரப்பஞ்சால் ஒருமுறை துடைத்துவிட்டு, மை உருளையை மேலே ஓட்டினால், ஈரம் மையைத் தள்ளிவிடுகிறது; கோடு மையை இழுத்துக்கொள்கிறது. தாளை வைத்து அழுத்தினால் படம் ஏறிவிடுகிறது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. தட்டையான கல்லிலிருந்து அச்சு. வேலை முடிந்ததும் மணலும் தண்ணீரும் போட்டு, இன்னொரு கல்லை மேலே வைத்துத் தேய்த்தால் பழைய படம் போய்விடும். அதே கல் அடுத்த படத்துக்குத் தயார். தமிழில் இதற்கு ‘கல்லச்சு’ என்று பெயர் வைத்தவர் யாரோ, சொல்லைச் சரியாகப் பிடித்திருக்கிறார்.

பவேரிய அரசு இதை உடனே பிடித்துக்கொண்டது. நிலவரி விதிக்க நாடு முழுவதையும் 1808 முதல் அளந்தார்கள். வயல் வயலாக அளந்த வரைபடங்களைக் கல்லில் தலைகீழாக வரைந்து அச்சிட்டார்கள். அந்தக் கற்கள் 26,000-க்கும் மேல் மியூனிக்கில் நில அளவைத் துறையின் கிடங்கில் இன்றும் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. ஒரு நாட்டின் நிலம் முழுவதும் அந்த நாட்டின் கல்லிலேயே எழுதப்பட்டு ஒரே கிடங்கில் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

தேவை பெருகப் பெருகக் கெல்ஹைமை விட்டு சோல்ன்ஹோஃபென் முன்னுக்கு வந்தது. கல்லச்சுக்கு ஏற்ற கல் வேறு நாடுகளிலும் தேடப்பட்டது. ஆனால் இவ்வளவு நுண்மையான, ஒரே சீரான கல் வேறெங்கும் இந்த அளவில் அகப்படவில்லை. 1870-ல் இங்கோல்ஷ்டாட்டிலிருந்து ட்ராய்க்ட்லிங்கெனுக்கு ரயில் பாதை ஆல்ட்மியூல் பள்ளத்தாக்கு வழியாகத் திறந்தது. கல் கிராமத்திலிருந்தே ரயில் ஏறிக் கடல் கடந்தது. நிறத்துக்கு ஒரு கல் என்று வைத்து, ஒரே தாளில் பல கற்களை மாற்றி மாற்றி அச்சிடும் வண்ணக் கல்லச்சு வந்தபின் ஓர் அச்சகத்துக்கே நூற்றுக்கணக்கில் கல் தேவைப்பட்டது. ராஜா ரவி வர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் இந்த முறையில் நடந்ததுதான். எந்திரமும் தேர்ந்த ஆட்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். தாத்தா வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நின்ற தாமரை லட்சுமியின் முகத்தில் கன்னத்துச் சிவப்பு புள்ளி புள்ளியாகத் தெரியுமே, அது கல்லில் ஒருவர் தன் கையால் குத்திவைத்த புள்ளி.

இனி குவாரிக்குள் இறங்குவோம். இந்தப் பகுதியில் நான் சொல்ல வந்ததே இங்கேதான் இருக்கிறது.

மேல்மண்ணையும் உதவாத பாறையையும் அகற்றினால் அடுக்குகள் தெரியும். கடப்பாறையால் நெம்பி ஒரு பாளத்தைக் கிளப்புவார்கள். அதைப் பக்கவாட்டில் நிறுத்தி, விளிம்பில் மெல்லிய வரி ஓடும் இடத்தைக் கண்ணால் தேடி, அகலமான உளியை வைத்து மெதுவாகத் தட்டுவார்கள். ஓங்கி அடிப்பது இல்லை. தட்டத் தட்ட ஒலி மாறும். சரியான வரி கிடைத்துவிட்டால் பாளம் புத்தகம் திறப்பதுபோல் இரண்டாகத் திறக்கும். திறந்ததும் இரண்டு முகங்களையும் பார்க்க வேண்டும். கறை இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா, கல்லுக்குள் கல்லாக வேறு எதுவும் சொருகியிருக்கிறதா? சுண்டினால் மணிபோல் ஒலித்தால் நல்ல கல். பொத்தென்று ஒலித்தால் உள்ளே வெடிப்பு. தளக்கல்லுக்குச் சின்னக் குறை இருந்தால் பாதகமில்லை. அச்சுக்கல்லுக்கு ஊசிமுனைக் குறைகூட ஆகாது. அந்த ஊசிமுனை ஒவ்வொரு தாளிலும் வந்து விழும். சாம்பல் நீலக் கல் கெட்டியானது, நுண்ணிய கோட்டுக்கு அது; மஞ்சள் சற்று மென்மையானது. இத்தனையும் தேறி அச்சகத்துக்குப் போனது சொற்பம். வெட்டியதில் பெரும்பகுதி கழிவாகிக் குவாரிக்கு வெளியே மலைமலையாகக் குவிந்தது. அந்தக் குவியல்கள்தான் இன்று அந்த மாவட்டத்தின் மேட்டுநிலமே என்று சொல்லும் அளவுக்கு இருக்கின்றன.

எந்திரம் இதைச் செய்ய முடியாது. வெடிவைத்தால் அச்சுக்கல் போய்விடும். ஆக, அச்சுக்கூடங்களின் தேவைக்காக, தலைமுறை தலைமுறையாகப் பல நூறு பேர், ஒவ்வொரு பலகையையும் கையால் பிளந்து, ஒவ்வொரு முகத்தையும் கண்ணால் உற்றுப் பார்த்தார்கள். அவர்கள் தேடியது குறை. கல்லில் மீன் இருந்தாலும் குறைதான், இறால் இருந்தாலும் குறைதான். அச்சுக்கு உதவாத கல். ஆனால் அந்தக் குறைக்கு வேறு ஒரு சந்தை இருந்தது: மருத்துவர்கள், பிரபுக்கள், அருங்காட்சியகங்கள். குவாரி ஆட்களுக்கு அது கூலிக்கு மேல் ஒரு வரும்படி. அதனால் குறையை எறியாமல் தனியே எடுத்து வைத்தார்கள். சோல்ன்ஹோஃபெனின் புதைபடிவங்களைப் பற்றி எழுதப்படும் நூல்களில் பேராசிரியர்களின் பெயர்தான் நிறைய. அந்தக் கண்கள் இல்லாமல் அந்தப் பேராசிரியர்களுக்கு விவரிக்க எதுவுமே கிடைத்திருக்காது. எந்தப் புலமையும் இதை மறைக்கக் கூடாது என்பதே என் கருத்து.

1860-லோ 1861-லோ, சோல்ன்ஹோஃபென் ஊராட்சிக் குவாரியில் ஒரு பலகை திறந்தது. இரண்டு முகங்களிலும் ஓர் இறகு. நீளம் ஏறக்குறைய 6 செ.மீ. நடுத்தண்டு ஒரு பக்கமாக ஒதுங்கி, இழைகள் அகலமாகவும் குறுகலாகவும் இரண்டு பக்கமும் சாய்ந்திருந்தன. இன்று முற்றத்தில் காக்கை உதிர்க்கும் இறகுக்கும் அதற்கும் வடிவில் வித்தியாசம் சொல்வது கடினம். பிராங்க்ஃபர்ட்டில் அரசு நிதித்துறையில் வேலை பார்த்துக்கொண்டே தொல்லுயிர் ஆய்வு செய்த ஹெர்மன் ஃபான் மேயர் அதை ஆராய்ந்தார். டைனோசர்கள் காலத்துக் கல்லில் இறகா என்று முதலில் ஐயப்பட்டவரும் அவர்தான். கல்லையும் கறையையும் சோதித்து, மோசடி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, 1861-ல் பெயர் வைத்தார்: ஆர்க்கியாப்டெரிக்ஸ் லித்தோகிராஃபிகா. முதல் சொல்லுக்குப் பழஞ்சிறகு என்று பொருள். இரண்டாவது சொல் அச்சுக்கல்லைக் குறிக்கிறது. உலகின் மிகப் புகழ்பெற்ற புதைபடிவத்தின் பெயருக்குள் ஒரு தொழிலின் பெயர் உட்கார்ந்திருக்கிறது.

அதே 1861-ல், லாங்கென்ஆல்ட்ஹைம் பக்கத்துக் குவாரியில் ஓர் எலும்புக்கூடே கிடைத்தது. நீண்ட எலும்பு வால், விரல்களில் நகம், ஆனால் உடலெங்கும் இறகு. டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்து இரண்டே ஆண்டுகள். ஊர்வனவுக்கும் பறவைக்கும் நடுவே ஒரு கண்ணி வேண்டும் என்று உலகம் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து அது குவாரியிலிருந்து வந்தது.

அது போய்ச் சேர்ந்த இடம் பாப்பென்ஹைம் மருத்துவர் கார்ல் ஹேபர்லைனின் வீடு. வைத்தியக் கூலிக்குப் பணமில்லாத குவாரி ஆட்கள் அவருக்குப் புதைபடிவங்களைக் கொடுப்பது வழக்கம். அவரிடம் பெரிய சேகரிப்பே இருந்தது. வந்தவர்களைப் பார்க்க விட்டார், வரைய விடவில்லை. மியூனிக்கில் இருந்த ஆன்ட்ரியாஸ் வாக்னர், நேரில் பார்த்த ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து, இது பறவை அல்ல, ஏதோ ஊர்வனதான் என்று தீர்ப்பளித்து வேறு பெயரும் சூட்டினார். டார்வின் பக்கத்தார் இதைப் பிடித்துக்கொள்ளக் கூடாதே என்ற கவலையை அவர் மறைக்கவும் இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் இறந்துபோனார். கல்லைக் கடைசிவரை பார்க்கவில்லை. 1862-ல் லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அந்த எலும்புக்கூட்டையும் சேகரிப்பின் பெரும்பகுதியையும் 700 பவுனுக்கு வாங்கியது. இரண்டு தவணையாகப் பணம் கொடுத்தார்கள். மகளின் சீதனத்துக்காக மருத்துவர் விற்றார் என்று சொல்வார்கள். பவேரியாவின் கல் லண்டனுக்குப் போனது ஜெர்மன் அறிஞர்களுக்கு நெடுநாள் உறுத்தியது.

அந்த உறுத்தல் வீண்போகவில்லை. 1874-க்கும் 1876-க்கும் இடையில், ஐக்ஷ்டெட்டை அடுத்த புளூமென்பெர்க் மேட்டில் யாகோப் நீமாயர் என்பவர் இன்னொன்றைக் கண்டெடுத்தார். தலையோடு முழுமையானது, இரண்டு சிறகும் விசிறிபோல் விரிந்திருக்கிறது. அவருக்கு ஒரு மாடு வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கல்லை ஒரு சத்திரக்காரரிடம் கொடுத்து மாட்டுக்கான பணத்தைத் தேற்றிக்கொண்டார். சத்திரக்காரரிடமிருந்து அது பாப்பென்ஹைம் மருத்துவரின் மகன் எர்ன்ஸ்ட் ஹேபர்லைனின் கைக்குப் போனது. மறுபடியும் வெளிநாட்டுக்குப் போய்விடுமோ என்ற அச்சத்தில் தொழிலதிபர் வெர்னர் சீமென்ஸ் 20,000 மார்க் கொடுத்து வாங்கி, பெர்லின் அருங்காட்சியகத்துக்குக் கிடைக்கச் செய்தார். பாடப்புத்தகங்களில் நாம் பார்க்கும் ஆர்க்கியாப்டெரிக்ஸ் படம் பெரும்பாலும் அதுதான். நீமாயருக்குக் கிடைத்தது ஒரு மாடு. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு அன்று தேவைப்பட்டது அதுதான். ஆனால் கணக்கு கணக்காக இருக்கட்டும்.

பெயர் சூட்டும் முன்பே ஒன்று கிடைத்து, அடையாளம் தெரியாமல் கிடந்ததும் உண்டு. 1855-ல் கிடைத்த துண்டுகளைப் பறக்கும் பல்லி என்று எழுதிவைத்தவர் அதே ஃபான் மேயர்தான். ஹாலந்தின் ஹார்லெம் அருங்காட்சியகத்தில் அந்தச் சீட்டோடு அது நூறாண்டுக்கு மேல் இருந்தது. 1970-ல் அமெரிக்கரான ஜான் ஆஸ்ட்ரம் கல்லைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தபோது இறகின் தடம் தெரிந்தது. இன்னொரு கதை முடிவில்லாதது. 1956-ல் லாங்கென்ஆல்ட்ஹைமில் கிடைத்த பலகையைக் குவாரி ஆட்கள் ஒரு கொட்டகையில் வைத்திருந்தார்கள். 1958-ல்தான் அது என்னவென்று தெரிந்தது. சில காலம் மாக்ஸ்பெர்க் அருங்காட்சியகத்தில் இருந்தது. பிறகு உரிமையாளர் வீட்டுக்கு எடுத்துப் போனார். 1991-ல் அவர் இறந்தபோது கல் வீட்டில் இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. எக்ஸ்-கதிர்ப் படங்களும் வார்ப்புப் பிரதிகளும் மட்டும் மிச்சம். இவற்றோடு சேர்த்து இதுவரை வெளிவந்த எலும்புக்கூடுகள் பத்துக்குச் சற்று மேல்தான். எத்தனை லட்சம் பலகைகளைத் திறந்ததில் அந்தப் பத்து என்று எண்ணும்போதுதான் உளி பிடித்த கைகளின் உழைப்பு புலப்படுகிறது.

மாவட்டத்தில் பார்க்க வேறு இடங்களும் உண்டு. சோல்ன்ஹோஃபெனுக்குக் கிழக்கே ஆற்றைப் பார்த்தபடி வரிசையாக நிற்கும் ‘பன்னிரு அப்போஸ்தலர்’ பாறைகள்: காயல்களைச் சூழ்ந்திருந்த பஞ்சுத்திட்டுகளின் மிச்சம் அவை. குவாரியில் நிற்பது கிண்ணத்தின் அடி என்றால், இங்கே நிற்பது கிண்ணத்தின் விளிம்பு. ட்ராய்க்ட்லிங்கென் பக்கம் வெட்டுவது வேறு கல். பலகையாகப் பிளக்காது, பாளமாக அறுத்து மெருகேற்றி ‘மார்பிள்’ என்று விற்கிறார்கள். உண்மையில் அதுவும் சுண்ணாம்புக்கல்தான்.

வோல்ஃப்ஸ்புரோன் கிராமத்துக் காட்டுக்குள் இருப்பதை மட்டும் வேகமாகக் கடக்க மனமில்லை. அங்கே ஒரு ஊற்றுநீர் தரையில் ஓடவில்லை. தானே கட்டிய கல் மதிலின் உச்சியில், ஒரு சாண் அகல வாய்க்காலில் ஓடுகிறது. ‘கல் வாய்க்கால்’ என்றே அதற்குப் பெயர். நீளம் சுமார் 130 மீட்டர். ஊற்று, பாறைக்குள் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. வெளிக்காற்று பட்டதும் கரியமிலவாயு பிரிந்துபோக, சுண்ணாம்பு கரைந்திருக்க முடியாமல் ஓரத்துப் பாசியின்மேல் படிகிறது. கல்லான பாசியின்மேல் புதுப்பாசி முளைக்கிறது, அதன்மேலும் படிகிறது. கரை உயர உயரத் தண்ணீரும் உயர்கிறது. சில இடங்களில் ஆள் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டது. 15 கோடி ஆண்டுக்கு முந்திய கடலின் சுண்ணாம்பு, இன்று காலையும் அங்கே புதுக்கல்லாகிக்கொண்டிருக்கிறது.

மேற்கு எல்லையில் போல்சிங்கென் ஊர்ப்பக்கம் ஒரு பழைய குவாரியில் செந்நிறப் பாறை இருக்கிறது. சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வானிலிருந்து விழுந்த கல் இந்த மண்ணை உருக்கியதன் தழும்பு அது. அதை அடுத்த பகுதிக்கு வைத்துக்கொள்கிறேன்; அது தனிக் கதை.

அச்சுக்கல்லின் காலம் 20-ஆம் நூற்றாண்டில் முடிந்தது. துத்தநாகத் தகடும் அலுமினியத் தகடும் வந்தன. உருளையில் சுற்றக்கூடிய தகட்டோடு கனத்த கல் போட்டியிட முடியுமா? ஆஃப்செட் எந்திரம் செய்வதும் செனஃபெல்டர் கண்ட அதே எண்ணெய்-தண்ணீர் வேலையைத்தான். நீங்கள் கையில் பிடித்திருக்கும் இந்த இதழும் அப்படி அச்சானதே. கல் மட்டும் விலகிக்கொண்டது. ஓவியர்கள் சிலர் இன்னும் அதைத் தேடி வாங்குகிறார்கள். குவாரிகள் தரைக்கும் சுவருக்கும் கல் வெட்டுகின்றன. பல இடங்களில் பலகையைப் பிளப்பது இன்றும் சுத்தியலும் உளியும்தான். கைவிட்ட சில குவாரிகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். புளூமென்பெர்க்கில் உளியும் சுத்தியலும் வாடகைக்குக் கிடைக்கும். விடுமுறையில் பிள்ளைகள் குவியலில் உட்கார்ந்து பலகை பிளக்கிறார்கள். பெரும்பாலும் கிடைப்பது என் மேசையில் இருப்பதுபோல் மாங்கனீசுக் கிளை. அதிர்ஷ்டம் இருந்தால் கடலில் மிதந்து திரிந்த சிறு கடலல்லி, நகத்தளவு. அல்லது விரல் நீள மீன்.

2002-ல் ஐக்ஷ்டெட் பக்கம் விண்டர்ஸ்ஹோஃப் குவாரியில் ஒரு நீண்ட தடம் வெளிப்பட்டது. துண்டு துண்டாக எடுத்துச் சேர்த்தபோது 9.7 மீட்டர் வந்தது. குதிரைலாட நண்டு ஒன்றின் கால்தடம். புயல் அதைக் காயலுக்குள் தூக்கி எறிந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் அது விழுந்து புரண்ட கலங்கல் தெரிகிறது. பிறகு எழுந்து நடக்கிறது. இரண்டு வரிசையாகக் கால் பதிவுகள், நடுவே வாலின் கோடு. மூச்சுக்காற்றில்லாத நீரில் நடக்க நடக்கக் கோடு தடுமாறுகிறது, திசை மாறுகிறது, அடிகள் ஒழுங்கு கெடுகின்றன. கடைசிப் பலகையில், தடம் நிற்கும் இடத்தில், அந்த நண்டே இருக்கிறது. 12.7 செ.மீ. நீளம். நடந்து வந்த திசையைப் பார்த்தபடி.

(தொடரும்)